இருதயராஜின் துரைக்கால்

இருதயராஜுக்குக் கோபம் வந்தால் யட்டியாந்தோட்டைக் கடைத்தெரு நாய்களெல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடும் என்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஒன்றிரண்டு கிழட்டு நாய்கள் போகாமலும் இருந்திருக்கின்றன. ஆனால் அந்தத் தவக்கால ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை. அவர் போட்ட சத்தத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தகரக் கூரைகளின் ஆணிகளில் பாதி கழன்று விழுந்தன. மீதிப் பாதி பயந்துபோய் இன்னும் ஆழமாக உள்ளே இறங்கிக்கொண்டன. மேட்டு மலையில் ரப்பர் மரங்கள் கத்தி படாமலேயே பால் விட்டன.

காரணம், கைத்தொலைபேசியில் வந்த ஒரு செய்தி. தோட்டத்து அந்தோனியார் கோயிலுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கமிட்டித் தலைவர் ரொபர்ட், பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவப்படப் போகிற பன்னிரண்டு பேரின் பெயர்களை அதில் போட்டிருந்தான். ஒவ்வோர் ஆண்டும் பெரிய வியாழன் மாலையில் டவுனிலிருந்து பாதர் வருவார். கர்த்தர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, பீடத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு ஆண்களின் காலையும் மண்டியிட்டுக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். முதல் நாற்காலி சீடர்களில் தலைவரான இராயப்பருக்கு உரியது. அந்த நாற்காலியில் இருதயராஜைத் தவிர வேறு ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்தவர்கள் தோட்டத்தில் உயிரோடு இல்லை. அவருக்கு அப்படி ஒன்றும் வயதாகிவிடவில்லை என்பது வேறு விஷயம்.

மனைவி மரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர்களை வாசித்தாள். இராயப்பர் என்ற இடத்தில் சுதர்சன் என்று இருந்தது.

"எந்தச் சுதர்சன்?"

"கட்டார்லருந்து வந்தவன்தாங்க."

"ராத்திரியில கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு திரியிறானே, அவனா இராயப்பரு?"

"என்னைய ஏன் கேக்குறீங்க? நானா எழுதுனேன்?"

இருதயராஜ் கக்கத்துக் கட்டைகளை எடுத்தார். அவருடைய வலது கால், போன பெரிய வியாழன் முடிந்த கையோடு முழங்காலுக்குக் கீழே போய், ஒரு வருடம் ஆகப்போகிறது. பால் வெட்டப் போன இடத்தில் ரப்பர்க் கொட்டை ஓடு ஒன்று குத்தியது. சீனி வருத்தக்காரருக்கு, அதாவது சர்க்கரை நோயாளிக்கு, அது போதும். பாதம் கறுத்து, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் காலோடு அவர் அன்று கோயில் படிகளை ஏறிய வேகத்தில் இரண்டு கால் உள்ளவர்கள் இறங்கக்கூட மாட்டார்கள்.

ரொபர்ட் பலிபீடத் துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

"எங்கடா எம்பேரு?"

"கோவப்படாதீங்க இருதயண்ணே. பாதர் கழுவுறது வலது பாதத்த. ஒங்ககிட்ட அது இல்லையே."

"எடது பாதம் இருக்கு. அஞ்சு வெரலும் இருக்கு. எண்ணிக்க."

"இந்தக் கோயில்ல எடது கால கழுவுன பழக்கமே இல்லண்ணே. வெள்ளக்காரத் தொரை கோயில் கட்டிக் குடுத்த காலத்துலருந்து வலதுதான்."

"கர்த்தர் எந்தக் கால கழுவுனாருன்னு நீ பக்கத்துல நின்னு துண்டு புடிச்சியா?"

"நா புடிக்கல. கமிட்டித் தீர்மானம் அப்பிடி."

"அப்ப நா வலது காலோட வந்தா?"

ரொபர்ட் அந்தக் கட்டைகளைப் பார்த்தான். இடுப்பில் மடித்துக் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வந்தா ஒக்காருங்கண்ணே. யாரு வேணாங்கிறா?" என்றான்.

அவன் சொன்னது அத்தனையையும் பக்கத்தில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கேட்டார்கள். அதுதான் இருதயராஜுக்கு வேண்டியிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வலது கால் அவருக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது. கால் செய்கிற ஆள் அவர் வீட்டிலேயே பிறந்திருந்தாள். மகள் ஸ்டெபானி இரத்தினபுரியில் ஒரு செயற்கைக் கால் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அளவெடுப்பாள், அச்சு வார்ப்பாள், பொருத்துவாள், நடக்கப் பழக்குவாள். அந்த வேலையைத்தான் இருதயராஜ் மன்னிக்கவே இல்லை. அவள் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணினதும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை வாசல் வரை வந்தது. டீச்சரம்மாவின் அப்பாவாகத் திரிவதற்கென்றே அவர் வெள்ளை நிறத்தில் ஒரு நீளக்கைச் சட்டை தைத்துவிட்டார். காலரில் கஞ்சி போட்டு மூன்று லயத்துக்கும் காட்டிவிட்டும் வந்தார். அந்த நேரம் பார்த்து இந்தப் பெண், கால் செய்கிற படிப்புக்குப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கிவிட்டது.

"கண்டவன் காலப் புடிக்கவா நா படிக்க வச்சேன்?" என்று அன்றைக்குக் கேட்டார். பிறகு தோட்டம் முழுக்க, மகள் ஆஸ்பத்திரியில் கிளார்க்காக இருக்கிறாள் என்று சொல்லி வைத்தார். அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது அவருக்கு மட்டும் தெரியாது. கால் போன பிறகும், மகள் கையால் கால் போட்டுக்கொண்டால் குட்டு உடைந்துவிடுமே என்று ஒரு வருடம் பலகைக் கட்டிலிலேயே இருந்து கோபப்பட்டார். அவள் போன் பண்ணினால் மரியம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

அன்று சாயந்தரம் மரியம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "பாதர் வருசத்துல ஒருநா மண்டி போட்டா, நீங்க மணியடிச்சுக் கொண்டாடுறீங்க. எம்புள்ள தெனம் தெனம் மண்டி போடுறா. அதச் சொல்ல ஒங்களுக்கு வெக்கம்."

 அவர் கக்கத்துக் கட்டையை ஓங்கிக் கோழியை விரட்டினார்.

மறுநாள் அவிசாவளையில் பஸ் மாறி, இரண்டு பேரும் இரத்தினபுரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் அவர் டிரைவரைத் திட்டினார், கண்டக்டரைச் சிங்களத்தில் திட்டினார், களனி கங்கை வளைந்து போவதற்காக அதையும் திட்டினார்.

நிலையத்து வாங்குப் பலகையில் ஒரு ஆள் தன் காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பால் விடாத பிளேன்ட்டி குடித்துக்கொண்டிருந்தார். பெயர் அஸீஸ். மாணிக்கக் குழி சரிந்து விழுந்ததில் கால் போனவர். இருதயராஜைக் கண்டதும் இடம் ஒதுக்கினார். அவர் பேச்சில் 'இருக்கிற'தெல்லாம் 'ஈக்கிற'தாக வந்தது.

"புதுசா? பயப்படாதீங்க அண்ணே. நம்ம ஸ்டெபானி மிஸ் ஈக்கிறா. இந்தக் காலப் போட்டுக்கொண்டு நான் திரும்பவும் குழி வேலைக்குப் போறன். எனக்குக் கால் ஈந்த காலத்திலயே இவ்வளவு நடந்ததில்ல."

"ம்."

"மிஸ்ஸுக்கு ஒரு கவல மட்டும் ஈக்குது. அவவுட வாப்பாக்கும் கால் இல்லையாம். மகள் இங்க ஊருக்கெல்லாம் கால் செய்றா. அந்த மனுசன் வேணாம்னு வீட்டுல குந்திக்கொண்டு ஈக்கிறாராம்."

"அவன் ஒரு மடையனா இருப்பான்" என்றார் இருதயராஜ்.

"மடையனுக்கும் புத்தி சொன்னா வெளங்கும் அண்ணே. அது கழுத."

மரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அதற்குள் உள்ளேயிருந்து ஸ்டெபானி வந்தாள். முழங்கை வரை வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டர். அப்பாவைக் கண்டாள். முகம் ஒரு கணம் என்னவோ ஆகி, உடனே பழையபடி ஆகிவிட்டது.

"உள்ள வாங்க."

உள்ளே அவரை உயரமான கட்டிலில் உட்கார வைத்து, சாரத்தை ஒதுக்கி, அவள் தரையில் மண்டியிட்டாள்.

"எந்திரி புள்ள. ஆம்பள யாரும் இருந்தா வரச்சொல்லு."

"ஆம்பள இல்ல. நாந்தான்."

"ஊர்க்காரன் எவனாவது பாத்தா?"

"பாத்தா அவனுக்கும் கால் இருக்காது. கால் இருக்கிறவன் இங்க எதுக்கு வரப்போறான்? பேசாம ஒக்காருங்க."

இரண்டு கைகளாலும் மொட்டைக் காலைப் பிடித்து எலும்பு எங்கே, சதை எங்கே என்று தடவினாள். ஒரு பென்சிலால் அடையாளம் போட்டாள். "வலிச்சா சொல்லுங்க." ஓர் இடத்தில் அமுக்கினாள். அவர் போட்ட சத்தத்தில் இரத்தினபுரி பஸ் நிலையத்தில் இறங்க வேண்டியவர்கள் இறங்காமல் பலாங்கொடை வரைக்கும் போய்விட்டார்கள்.

"வலிக்குதா?"

"வலிக்கல."

"முட்டி நீளுதா? நீட்டுங்க பாப்போம். பாத்தீங்களா, நீள மாட்டேங்குது. ஒரு வருசமா மடக்கியே வச்சிருந்தா இப்பிடித்தான். நீட்டி மடக்குங்கன்னு போன்ல கத்துனேன். போன எடுத்தீங்களா?" அவள் குரல் ஏறியது. கோபத்தில் அவள் யார் மகள் என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. "வேற ஆளா இருந்தா நாளு பாக்காம வந்து நிப்பான். நீங்க எதுக்கு வந்தீங்கன்னு அம்மா சொல்லிருச்சி. ரொபர்ட் மாமாவுக்குக் காட்டணும், அதானே?"

"செய்ய முடியுமா, முடியாதா?"

"முடியும்" என்று சொல்லிவிட்டு, ஈரப் பட்டியைச் சுற்ற ஆரம்பித்தாள். சூடு மெல்ல ஏறி, பிளாஸ்டர் இறுகியது. அது இறுகும் வரை அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் மண்டியிட்டிருந்தாள். இருதயராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அந்த அச்சுக்குள் சாந்தை ஊற்றி, அவர் காலைப் போலவே ஒரு கட்டை எடுத்து, எலும்பு உறுத்தும் இடத்தில் கூட்டி, பாரம் தாங்கும் இடத்தில் சீவி, அதன்மேல் சூடான பிளாஸ்டிக்கைப் போர்த்திக் கூடு செய்தாள். மறுபடி அவர் போன நாளில் கால் முழுசாக மேசைமேல் நின்றது. அடியில் ரப்பர்ப் பாதம், விரல், நகம் எல்லாவற்றோடும்.

இருதயராஜ் அதையே பார்த்தார்.

"இது யாரு காலு?"

"ஒங்க காலு."

"இது தொரை காலு புள்ள. நம்ம வம்சத்துல இந்த நெறத்துல பல்லுகூட இருந்ததில்ல."

உண்மைதான். பாதம் சிவந்த வெள்ளையாக, இப்போதுதான் கப்பலில் வந்து இறங்கியதுபோல இருந்தது. அவருடைய இடது கால் பக்கத்தில் அடுப்புக் கட்டைபோல நின்றது.

"ஒங்க சைஸ்ல இதுதான் இருக்கு. கறுப்பு வர்றதுக்குள்ள பெரிய வியாழன் போயிரும்."

"முப்பது வருசம் ரப்பர் மரத்துல பால் எடுத்துக் குடுத்தேன். அது திருப்பிக் குடுக்கிற ஒரு காலு, அதுவும் தொரைக்கா?"

"வேணுமா வேணாமா?"

அவர் பல்லைக் கடித்தார். "சரி, சுத்திக் குடு. கொண்டுபோறேன். நாற்காலியில ஒக்காந்து நீட்டுறதுக்கு எந்த நெறமா இருந்தா என்ன? நடக்கவா போறேன்?"

ஸ்டெபானி காலை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"நா காலு செய்றேன்ப்பா. ஜன்னல்ல வைக்கிற பொம்ம செய்யல. இத மாட்டி, இந்தக் கம்பிய விட்டு நடந்தாத்தான் ஒங்களுக்குத் தருவேன். இல்லன்னா சுதர்சனே இராயப்பரா இருக்கட்டும்."

இருதயராஜ் எழுந்தார். இரண்டு பக்கக் கம்பிகளையும் பிடித்துக்கொண்டு முதல் அடி வைத்தார். அந்த அடிக்கு ரொபர்ட்டைத் திட்டினார். இரண்டாவதுக்கு சுதர்சனை. கம்பியின் அந்தக் கோடிக்குப் போவதற்குள் கமிட்டி முழுவதும் முடிந்து, திரும்பும்போது கோயில் கட்டிய துரைக்கும் அவன் பாட்டனுக்கும் வந்துவிட்டார். ஸ்டெபானி பின்னாலேயே குனிந்து நடந்தாள். "இடுப்ப சாய்க்காதீங்க. குதிகால மொதல்ல வைங்க. கோவத்துல தரைய ஒதைக்காதீங்க, அது என் கால்." இடையில் கழற்றிப் பார்த்து, சிவந்திருந்த இடத்துக்கு நேராகக் கூட்டைச் சூடாக்கித் தள்ளிவிட்டாள். மறுபடி மாட்டினாள். மறுபடி திட்டு. கடைசியில் கம்பியை விட்ட கைகளை ஆட்டிக்கொண்டே திட்டி நடந்தார்.

வாங்கிலிருந்து அஸீஸ் பார்த்துக்கொண்டேயிருந்தார். "இப்பத்தான் வெளங்குது" என்று கடைசியில் சொன்னார். "கழுத இதுதான். நட நடண்ணே, நல்லா ஈக்குது."

புறப்படும்போது ஸ்டெபானி விரலை நீட்டிச் சொன்னாள்: "ஈரத்தோட துணி உறையப் போட்டு மாட்டாதீங்க. மொட்டக் கால மடிப்புக்குள்ளயும் தொடைச்சு, காத்தாட விட்டு, அப்பறந்தான். சீனி ஒடம்பு. ஒரு கொப்புளம் வந்தா மறுபடி மேல வெட்டுவாங்க. அதுக்கு என்னால கால் செய்ய முடியும். ஆனா செய்ய மாட்டேன்."

பெரிய வியாழன் அன்று தோட்டமே படிக்கட்டில் நின்றது. இருதயராஜ் அந்தக் கஞ்சி போட்ட நீளக்கைச் சட்டையோடு, சாரத்தை முழங்கால் தெரிய மடித்துக் கட்டி, கட்டைகள் இல்லாமல், ஒரே ஒரு தடியோடு ஏறினார். ஸ்டெபானி லீவில் வந்திருந்தாள். இரண்டு படி பின்னால், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில், முகத்தை இறுக்கிக்கொண்டு வந்தாள்.

"அடியாத்தே, ஒரு காலு பால்வெட்டு, ஒரு காலு தொரை பங்களா" என்று எவளோ சொல்ல, சிரிப்பு லயம் வரை உருண்டு போனது.

முதல் நாற்காலியில் இருந்த சுதர்சன் அவரைக் கண்டதும் எழுந்து, "ஒக்காருங்க மாமா, எனக்கு அப்பவே வேணாம்னுதான் சொன்னேன்" என்று கடைசி வாங்குக்கு ஓடினான். ரொபர்ட் ஓடி வந்தான்.

"அண்ணே, ரப்பரக் கழுவுனா அது சடங்கு ஆகுமா?"

"வலது காலோட வந்தா ஒக்காருன்னது யாரு? வெளக்குத் தொடச்ச பொம்பளைங்க சாட்சி."

பெண்கள் பக்கத்தில் நாலைந்து தலைகள் பலமாக ஆடின. ரொபர்ட் கடைசி வாங்கில் பதுங்கியிருந்த சுதர்சனைப் பார்த்துவிட்டுப் பின்வாங்க, இருதயராஜ் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பாதர் இளவயதுக்காரர். மண்டியிட்டார். தாம்பாளத்தைத் துரைக்காலின் கீழ் வைத்து, செம்புத் தண்ணீரைச் சரித்தார்.

இருதயராஜ் காத்திருந்தார். ஒவ்வோர் ஆண்டும் அந்த முதல் சொட்டுக் குளிர் காலில் பட்டு, முதுகெலும்பில் ஏறி, பிடரியில் சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்புக்காகத்தான் அவர் இவ்வளவு சண்டையும் போட்டது. தண்ணீர் வழிந்தது. சிவந்த விரல்களுக்கு இடையில் பளபளத்தது. அவருக்கு ஒரு குளிரும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் காலைக் கழுவுவதை எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. முத்தமிடப் பாதர் குனிந்தார். வெள்ளைப் பாதத்துக்கு நேராகக் குனிந்த அந்தக் கறுத்த பிடரியைப் பார்த்தபோது, இருதயராஜுக்கு உள்ளேயிருந்து ஒன்று கிளம்பியது. இதுவரை வந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் பச்சைத் தண்ணீர்.

"நிறுத்துங்க பாதர்."

பாதர் தலையை நிமிர்த்தினார். 

"இது தொரை காலு. இந்தத் தோட்டத்துல எங்க பாட்டன், பூட்டன் எல்லாம் தொரை காலக் கழுவுனது போதும். நீங்களும் கழுவ வேணாம்."

பட்டியைத் தளர்த்தி, காலைக் கழற்றி, பக்கத்தில் நின்ற ரொபர்ட்டின் கையில் கொடுத்தார். உறையை உருவினார். ஒரு வருடமாக மரியம்மாவையும் மகளையும் தவிர வேறு ஊர்க்கண் படாத அந்த மொட்டைக் காலைப் பீடத்துக்கு நேராக நீட்டினார்.

"என் வலது காலு இதுதான். இதக் கழுவுங்க."

பாதர் ரொபர்ட்டைப் பார்த்தார். ரொபர்ட் கையில் இருந்த காலைப் பார்த்தான். பாதர் செம்பைச் சரித்தார்.

குளிர் முழங்காலைத் தாண்டி ஏறியது. பிடரி சிலிர்த்தது. பாதர் துண்டை எடுத்து, நோகக்கூடாதே என்று, பூவைத் தொடுவதுபோல ஓர் ஒற்று ஒற்றினார்.

"அப்பிடி இல்ல பாதர்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஸ்டெபானி எழுந்து நின்றாள். "அழுத்தித் தொடைங்க. மடிப்புக்குள்ளயும். ஈரம் நின்னா புண்ணாயிரும்."

தோட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரொபர்ட், காலைக் கைக்குழந்தைபோல மார்போடு பிடித்துக்கொண்டு, "பூசைக்கு நடுவுல கிளார்க்குப் புள்ள ஏன் பேசுது?" என்று முணுமுணுத்தான்.

"கிளார்க்கு ஒங்க வீட்ல" என்று உறுமினார் இருதயராஜ். "அவ காலு செய்றவ. நீ தூக்கிக்கிட்டு நிக்கிறது அவ செஞ்சது, ஒழுங்காப் புடி. பாதர், எம்மக சொல்றபடி செய்ங்க."

பாதர் மடிப்புக்குள்ளும் துடைத்தார். பிறகு குனிந்து முத்தமிட்டார். காற்றாட வேண்டும் என்று மகள் கண்ணாலேயே காட்டியதால், மீதிப் பதினொரு பேரின் கால் கழுவி முடியும் வரை துரைக்கால் மாட்டப்படவில்லை. அதுவரை ரொபர்ட் அதைத் தூக்கிக்கொண்டே நின்றான். கீழே வைக்கலாமா என்று ஒருமுறை குனிந்தபோது ஸ்டெபானி அவனைப் பார்த்த பார்வையில் நிமிர்ந்துவிட்டான்.

பூசை முடிந்து படி இறங்கும்போது அவள் திட்டிக்கொண்டே வந்தாள். சனங்களுக்கு நடுவில் அப்படிக் கழற்றி எறிவதற்கா இத்தனை நாள் சீவினாள், பட்டி அறுந்திருந்தால் என்ன செய்வது, ஒற்றைக் காலோடு நாற்காலியில் அப்படிச் சரிந்து உட்காரலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இருதயராஜும் விடவில்லை, படிக்கட்டைக் கோணலாகக் கட்டியவனைத் திட்டிக்கொண்டே இறங்கினார். மழை பெய்து படியடியில் செம்மண் குழைந்து கிடந்தது.

"சண்டைய விடுங்க ரெண்டு பேரும்" என்றாள் மரியம்மா. "கறுப்புக் காலு எப்பம்மா வரும்?"

"அடுத்த மாசம் வந்துரும். வந்ததும் மாத்திக் குடுத்துர்றேன்."

"வேணாம்" என்றார் இருதயராஜ். வலது காலைச் சேற்றில் வைத்து, மகள் சொல்லிக் கொடுத்தபடி குதிகாலை முதலில் ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கினார். சிவந்த விரல்கள் ஒவ்வொன்றாகச் செம்மண்ணுக்குள் புதைந்தன. "இதுவே இருக்கட்டும். தெனம் மிதிச்சு நடக்க எனக்கு ஒரு தொரை வேணும்."